சபுறுக் காற்று

ஸாலிஹாவின் வீட்டைப் பல்கலைக்கழகத்துக்குக் காட்டிக்கொடுத்தவை நுளம்புகள். டெங்கு கடுமையாக இருந்த ஒரு வருடம் இரண்டு மாணவிகள் டோர்ச்சும் கண்ணாடிக் குப்பிகளுமாகக் கிண்ணியாப் பாலத்தடிக்கு வந்து, வீடு வீடாக நுளம்புக் குடம்பி தேடினார்கள். ஸாலிஹாவின் கோழிகள் தண்ணீர் குடிக்கும் சட்டியில் மட்டும் நாற்பத்தொரு குடம்பிகள் இருந்தன. வேறு யாராக இருந்தாலும் வெட்கப்பட்டிருப்பார்கள். ஸாலிஹாவோ, "எங்கட வீட்டிலதான் ஆகக் கூடவா?" என்று கேட்டுச் சந்தோஷப்பட்டாள். சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பிள்ளைகளைக் கதிரையில் இருத்தி, தேங்காய் றொட்டியும் மாசிச் சம்பலும் தேத்தண்ணியும் கொடுத்தாள்.

அந்த இரண்டு பேரும் திரும்பிப் போய் என்ன சொன்னார்களோ தெரியாது. பாலம் தாண்டி முதலாவது ஒழுங்கை, பச்சைக் கேற், அன்ரி நன்றாகக் கதைப்பா, கழிவறை சுத்தம் என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஆராய்ச்சிக்கு என்று துறைமுகத்துப் பக்கமிருந்து பஸ் ஏறிய எவரும் அந்தப் பச்சைக் கேற்றைத் தட்டாமல் திரும்பியதில்லை.

கிணற்றுத் தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று பார்க்க ஒரு கூட்டம் வந்தது. நண்டுக் கோதை இடித்துக் கோழித் தீனி செய்ய ஏலுமா என்று பார்க்க இன்னொன்று வந்து, ஸாலிஹாவின் ஆறு கோழிகளையும் மூன்று மூன்றாகப் பிரித்துவிட்டுப் போனது. பெண்கள் கையில் போன் கிடைத்தால் முதலில் யாருக்கு எடுக்கிறார்கள், பிஸ்கட் உறையின் நிறம் சிவப்பாக இருந்தால் விற்பனை கூடுமா, கடலுக்குப் போகிறவர்களின் வீட்டில் யார் எத்தனை மணிக்குத் தூங்குகிறார்கள், தெருவில் திரியும் மாடுகள் பொலித்தீன் தேடி ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீற்றர் நடக்கின்றன என்று அந்தப் பல்கலைக்கழகம் அறிய விரும்பாத விஷயமே இல்லை. ஒரு பெடியன் முந்நூறு பெயர்களைத் துண்டுச் சீட்டில் எழுதித் தொப்பிக்குள் போட்டுக் குலுக்கி எடுத்து, முழுக்க எழுமாற்றாகத்தான் வந்திருக்கிறேன் என்று ஸாலிஹாவின் முன்னால் நின்றான். சீட்டில் இருந்தது பக்கத்து வீடு. அங்கே நாய் இருந்தது.

பெண் தலைமை தாங்கும் குடும்பங்கள் பற்றிய ஆய்வுக்கு வந்த மாணவிக்கு நடந்தது வேறு கதை. ஸாலிஹா பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது, கிணற்றடியிலிருந்து துவாயைக் கட்டிக்கொண்டு ஒரு மனிதர் வந்தார். அவர் முஹம்மது தம்பி, ஸாலிஹாவின் கணவர், முப்பது வருடங்களாகக் கொட்டியாரக் குடாவில் வலை போடுகிறவர். படிவத்தை எட்டிப் பார்த்தார். கணவர் என்ற இடத்தில் 'இல்லை' என்று இருந்தது.

"நான் இல்லையா?"

மாணவிக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுக்கு ஐம்பது குடும்பங்கள் தேவை. நாற்பத்தொன்பது முடிந்திருந்தது. கடைசி பஸ் ஐந்தரைக்கு. முஹம்மது தம்பி சற்று யோசித்தார். பிறகு திரும்பிப் போய், அவள் படிவத்தை முடித்து எழும்பும் வரைக்கும் கிணற்றுக்குப் பின்னால் நின்றார்.

ஸாலிஹாவுக்கு இந்த வரவுகள் பிடித்திருந்தன. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், பதினெட்டில் கலியாணம், இரண்டு பெண் பிள்ளைகளையும் கட்டிக்கொடுத்தாயிற்று. அவள் சொன்னதை ஒருவர் பேனையால் எழுதிக்கொள்வது என்பது ஐம்பது வயதுக்குப் பிறகுதான் நடந்தது. ஆனால் வீட்டில் எத்தனை பேர், தண்ணீர் எங்கிருந்து, கூரை ஓடா தகரமா என்று பத்தொன்பதாவது தடவையும் உண்மையைச் சொன்னபோது அவளுக்கே அலுத்துவிட்டது. மெல்ல மெல்ல, கறிக்குக் கறிவேப்பிலை போடுகிற மாதிரி, அங்கங்கே ஏதாவது சேர்க்கத் தொடங்கினாள். தூக்கத்தைப் பற்றி ஆராய்ந்த பெடியனிடம் தனக்குக் கனவெல்லாம் சிங்களத்தில் வருகிறது என்றாள். பிஸ்கட் பிள்ளையிடம், எங்கள் வீட்டில் உறையின் நிறத்தைக் கோழிகள்தான் தெரிவுசெய்யும் என்றாள். இரண்டும் எழுதப்பட்டன.

இனி ஸப்ரியாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முஹம்மது தம்பியின் மூத்த சகோதரி. இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறவள். வீட்டில் வைத்த செல்லப் பெயர் சபுறு. சபுறு என்றால் பொறுமை. பெற்றவர்கள் ஆசைப்பட்டு வைத்த பெயர். மற்றதெல்லாம் பிள்ளையின் விருப்பம். அஸர் தொழுத கையோடு, நாலு மணிக்கு, பின்வேலிக் கடவையால் அவள் வருவாள். முன்கேற் என்று ஒன்று இருப்பதை அவள் ஏற்றுக்கொண்டதே இல்லை. நேரே குசினிக்குள் போய், மூடியிருக்கும் சட்டி எல்லாவற்றையும் திறந்து பார்ப்பாள். பிறகு ஸாலிஹாவின் வலப்பக்கத்தில் உட்கார்ந்து, மருமகன், வடிகான், மீன் விலை என்று தொடங்கி, பொழுது பட்டு மஹ்ரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை கதைப்பாள். வெள்ளிக்கிழமை மட்டும் விடுதலை. அன்றைக்கு அவள் மூதூருக்கு மகள் வீட்டுக்குப் போவாள்.

மேனுஜா வந்தது ஒரு திங்கட்கிழமை, மூன்றரை மணிக்கு. இலங்கைத்துறைப் பிள்ளை, மொழித் துறையில் ஆய்வு செய்கிறவள். கொட்டியாரக் குடாவைச் சுற்றியுள்ள ஊர்களில் கடல், காற்று, மீன் ஆகியவற்றுக்கு வழங்கும் சொற்களைச் சேர்த்துக்கொண்டு வந்தாள். போனை மேசையில் வைத்து ஒலிப்பதிவைப் போட்டாள். மீன்களின் பெயர்கள் நன்றாகப் போயின. காற்றில்தான் மாட்டிக்கொண்டார்கள்.

"அன்ரி, இஞ்ச காத்துக்கு என்னென்ன பேர் சொல்லுவீங்கள்?"

"கச்சான், வாடை, கொண்டல்."

"அது மூண்டும் எங்கட ஊரிலயும் இருக்குது. வேற?"

"வேற என்ன புள்ள. காத்து காத்துதானே."

மேனுஜாவின் படிவத்தில் காற்றுக்கு ஆறு கோடுகள் இருந்தன. மூன்று கோடுகள் வெறுமையாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. "கடலோட சீவிக்கிற ஆக்களிட்ட ஆறுக்குக் குறையாமல் இருக்குமெண்டு எங்கட மெடம் சொன்னவ," என்றாள். குரல் இறங்கிவிட்டது. "ஏழு ஊருக்குப் போயிட்டன் அன்ரி. எல்லா இடமும் மூண்டுதான்."

பின்வேலிக் கடவை கிறீச்சிட்டது.

"வந்திட்டா சபுறு," என்று ஸாலிஹா தனக்குள்ளே முணுமுணுத்தாள்.

மேனுஜா நிமிர்ந்தாள். "என்ன சொன்னீங்கள் அன்ரி? சபுறுவா?"

அந்த நேரத்தில் முற்றத்து முருங்கையின் இலைகள் அசைந்தன என்பதும் உண்மைதான். ஸாலிஹா பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். ஒரு நிமிடத்துக்கு முந்தி வாடிக் கிடந்த முகம், இப்போது கடைத்தெருவில் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. குசினிக்குள் சட்டி மூடி ஒன்று சத்தத்தோடு திறபட்டது.

"ஓம் புள்ள," என்றாள் ஸாலிஹா. "சபுறுக் காத்து. நாலு மணிக்கு வரும்."

"எந்தப் பக்கத்தால?"

"பின்பக்கத்தால."

"எவ்வளவு நேரம் நிக்கும்?"

"மஹ்ரிபு பாங்கு மட்டும் நிக்கும். லேசில போகாது."

"எல்லா நாளும் வருமா?"

"வெள்ளிக்கிழம வராது."

மேனுஜாவின் பேனை ஒரு கணம் நின்றது. பிறகு அதையும் எழுதியது. "வந்தால் என்ன செய்யும்?"

"மூடி வச்சதெல்லாத்தையும் திறந்து போடும்."

"மச்சி!" என்று குசினியிலிருந்து ஒரு குரல் வந்தது. "இண்டைக்கும் சூடை மீன் ஆணம்தானா?"

மேனுஜா நன்றி சொல்லி விடைபெற்றபோது, ஸாலிஹா தனக்குத்தானே கணக்குப் பார்த்துக்கொண்டாள். சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அன்று இரவு முஹம்மது தம்பியிடம் சொன்னாள். அவர் சிரித்துச் சிரித்து இருமல் வந்து, தண்ணீர் குடித்தார். ராத்தா ஸப்ரியாவிடம் மூச்சு விடக்கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கினாள். அவர் அந்தச் சத்தியத்தைக் கடைசிவரை காப்பாற்றினார்.

காற்று அத்தோடு அடங்கியிருந்தால் எழுத ஒன்றுமில்லை. எட்டு மாதத்துக்குப் பிறகு நுஸ்கி என்ற மாணவன் வந்தான். கடல் விஞ்ஞானம் படிக்கிறவன், மூதூர்ப் பெடியன். கையில் நாலு கிண்ணங்கள் சுழலும் கருவி ஒன்று இருந்தது. மொழித் துறையின் சஞ்சிகையில் கிண்ணியாவின் சபுறுக் காற்று என்ற குறிப்பைப் படித்ததாகவும், விஞ்ஞானம் இதுவரை அளக்காத காற்று ஒன்றை அளக்க விரும்புவதாகவும் சொன்னான்.

"அளக்கலாமா மகன் அத?" என்றாள் ஸாலிஹா, நிஜமான ஆர்வத்தோடு.

கருவியைத் தண்ணீர்த் தாங்கியின் மேல் பூட்டி, இரண்டு மாதம் வைத்தான். வாரம் ஒருமுறை வந்து பார்த்தான். மூன்றாவது வாரம் தலையைச் சொறிந்துகொண்டு இறங்கினான்.

"சாச்சி, காத்து இருக்கு. நாலு மணிக்குப் பத்து நிமிசம் முன்னப் பின்ன, கடல் பக்கத்தால வருது. ஆனா வெள்ளிக்கிழமையும் வருதே."

"அது வேற காத்தா இரிக்கும் மகன்," என்றாள் ஸாலிஹா.

நுஸ்கி வெள்ளிக்கிழமைகளுக்கென்று தனியாக ஒரு கொப்பி போட்டான்.

அவனுக்குப் பின்னால் சித்த மருத்துவம் படிக்கும் லக்சன் வந்தான். கரையோரக் காற்றுகளுக்கும் வாத நோய்களுக்கும் உள்ள தொடர்பு அவனுடைய ஆய்வு. சபுறுக் காற்று உடம்பில் பட்டால் ஏதும் செய்யுமா என்று பணிவாகக் கேட்டான்.

"தலையிடிக்கும்," என்றாள் ஸாலிஹா தயங்காமல்.

"எந்தப் பக்கம்?"

"வலப் பக்கம்."

"அதுக்கு இஞ்ச என்ன கைவைத்தியம் செய்வீங்கள் அம்மா?"

"மறுமொழி சொல்லாம இருந்தாக் குறையும்."

லக்சன், சிகிச்சை என்ற தலைப்பின் கீழ் 'மௌனம்' என்று எழுதி, அடியில் கோடு இழுத்தான். முகாமைத்துவத் துறை மாணவி ஒருத்தி நிலாவெளி ஹோட்டல்களில் இந்தக் காற்றைச் சொல்லி வெளிநாட்டவர்களைக் கூப்பிடலாமா என்று ஆராய்வதாகவும் கேள்வி. ஸாலிஹாவுக்கு அப்போதுதான் முதன்முதலாக இது எங்கே போய் முடியுமோ என்று பயம் வந்தது. ஆனாலும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

அடுத்த வருடம் மேனுஜா மறுபடியும் வந்தாள். ஓட்டமும் நடையுமாக, நெஞ்சோடு ஒரு கடுதாசிக் கட்டை அணைத்துக்கொண்டு வந்தாள். ஸாலிஹா தாச்சியில் றொட்டி போட்டிருந்தாள். குசினி வாசலிலேயே நின்று மேனுஜா வாசித்தாள்.

"'சபுறு என்பது பொறுமையைக் குறிக்கும் அரபுச் சொல். கடலுக்குச் சென்ற கணவனின் படகு திரும்புவதற்காகக் கரையில் பொறுமையோடு காத்திருந்த பெண்கள், அவ்வேளையில் வீசும் காற்றுக்கு இப்பெயரை இட்டிருக்கலாம். பல நூற்றாண்டுகளின் கண்ணீர் இச்சொல்லில் உறைந்துள்ளது.'" நிமிர்ந்தாள். "நான் எழுதினது அன்ரி. நல்லா இருக்கோ?"

றொட்டி கருகும் மணம் வந்தது.

"எத்தின பக்கம் புள்ள இது?" என்று கேட்டாள் ஸாலிஹா.

"இந்தக் காத்துக்கு மட்டும் பன்னிரண்டு பக்கம். என்ரை ஆய்வில அதுதான் நெஞ்சுப் பகுதி. வாற புதன்கிழமை ஆய்வரங்கு. நீங்கள் வரவேணும். முன்வரிசையில உங்களுக்குக் கதிரை போட்டிருக்கு."

"மேனுஜா, அந்தக் காத்து..."

மேனுஜா அவளுடைய மாவு ஒட்டிய கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கட மெடம் முப்பது வருசமாப் படிப்பிக்கிறா அன்ரி. ஒருத்தரையும் பாராட்டினதை நான் காணேல்லை. தனக்குத் தெரியாத ஒரு சொல்லைக் கொண்டுவந்திட்டாய் எண்டு என்ரை முதுகில தட்டினவ. உங்களாலதான்."

ஸாலிஹா திரும்பிக் கருகிய றொட்டியைத் தாச்சியிலிருந்து எடுத்துப் போட்டாள்.

அன்றிலிருந்து அவளுக்கு நித்திரை இல்லை. தூக்கத்தை ஆராய்ந்த பெடியன் அந்த வாரம் வந்திருந்தால் நல்ல பதில் கிடைத்திருக்கும். பகிடி என்று நினைத்தது ஒரு பிள்ளையின் பட்டமாகப் போய்விட்டது. பிறகு யாராவது கண்டுபிடித்தால் அசிங்கப்படப்போவது ஸாலிஹா அல்ல, மேனுஜாதான். புதன்கிழமை விடியவே போய், ஆய்வரங்கு தொடங்குமுன் பிள்ளையைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தாள்.

ஆனால் புதன்கிழமை காலை கேற்றடியில் ஸப்ரியா நின்றாள். புது அபாயா, புதுச் செருப்பு, வாசனை வேறு.

"மச்சி முன்வரிசையில இரிக்கிறத நான் பாக்காம வேற ஆருகா பாக்கிற?" என்றாள்.

முஹம்மது தம்பியும் வெள்ளைச் சேட்டு போட்டுக்கொண்டு வந்தார். பஸ்ஸில் பாலத்தைத் தாண்டும்போது ஸாலிஹா கடலைப் பார்க்கவே இல்லை. மண்டபத்தில் மேனுஜாவோடு ஒரு நிமிடம்கூடத் தனியே கிடைக்கவில்லை. ஸப்ரியா அவளுடைய முழங்கையை விட்டால்தானே. முஹம்மது தம்பி கடைசி வரிசையில் போய் இருந்துகொண்டார்.

ஒவ்வொருவராக மேடைக்கு வந்தார்கள். நண்டுக் கோது தின்ற கோழிகள் கூடுதலாக முட்டையிட்டன. அவை தன் கோழிகள் என்று ஸாலிஹாவுக்குத் தெரியும். அவற்றில் ஒன்று முட்டையே இடாத சேவல் என்பதும் தெரியும். மாடுகள் ஒரு நாளைக்கு நாலு கிலோமீற்றர் நடந்தன. திருகோணமலை நகரத்து மான்கள் சோற்றுப் பார்சலை அவிழ்க்கக் கற்றுக்கொண்டதைப் படத்தோடு காட்டினார்கள். ஒவ்வொன்றுக்கும் ஸப்ரியா உரத்த குரலில் தீர்ப்புச் சொன்னாள். "இதுக்கு என்னத்துக்கு யூனிவர்சிட்டி? என்னட்டக் கேட்டாச் சொல்லுவன்."

மேனுஜா மேடையேறினாள். திரையில் பெரிய எழுத்தில் வந்தது: சபுறுக் காற்று.

"என்ட பேர்," என்றாள் ஸப்ரியா மகிழ்ச்சியோடு.

கீழே ஒவ்வொரு வரியாக விழுந்தது. பிற்பகல் நான்கு மணிக்கு வருகிறது. பின்புறமாக நுழைகிறது. மூடி வைத்தவற்றைத் திறக்கிறது. மஹ்ரிபு வரை நிற்கிறது. ஸப்ரியா உதட்டை அசைத்து வாசித்துக்கொண்டு வந்தாள். வலப்பக்கத் தலையிடி. வெள்ளிக்கிழமைகளில் வருவதில்லை, காரணம் ஆய்வுக்குரியது.

"வெள்ளிக்கிழம நான் மூதூருக்கெல்லவா போறநான்!" என்றாள் ஸப்ரியா.

மண்டபம் முழுக்கத் திரும்பியது. ஸப்ரியாவின் விரல் காற்றில் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு மேலே போனது. நாலு மணி. பின்புறம். மூடி. அவளுடைய கழுத்து மெதுவாக ஸாலிஹாவின் பக்கம் திரும்பியது.

"மச்சி!"

ஸாலிஹா எழும்பி நின்றாள். "மேனுஜா, என்ன மன்னிச்சிக்க புள்ள. அப்பிடி ஒரு காத்து இல்ல. இவதான் அந்தக் காத்து."

பின்வரிசைகளில் சிரிப்பு வெடித்தது. மேனுஜா ஒலிவாங்கியைப் பிடித்தபடி நின்றாள். முன்வரிசையிலிருந்து அவளுடைய மேற்பார்வையாளர் கலாநிதி கமலேஸ்வரி எழுந்தார். ஒல்லியான பெண், மூக்குக் கண்ணாடியைக் கழற்றினால் மாணவர்கள் பயப்படுவார்கள். இப்போது கழற்றினார்.

"நீங்கள் ஆராய்ச்சிக்குப் பொய் சொன்னீங்களா அம்மா?"

"பொய் இல்ல மெடம்," என்றாள் ஸாலிஹா. "நான் சொன்னதெல்லாம் உண்மை. ஆள்தான் மாறிப்போச்சு."

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கடைசி வரிசையில் ஒருவர் கையைத் தூக்கினார். முஹம்மது தம்பி.

"மெடம், ஒரு கதை சொல்லலாமா? என்ட பொஞ்சாதி சொன்னதப் பகிடிக்குத்தான் நான் படகில சொன்ன. ராத்தாட்டச் சொல்லமாட்டன் எண்டுதான் சத்தியம் பண்ணின, கடலுக்குச் சத்தியம் இல்ல. இப்ப எங்கட பக்கம் எல்லாரும் அப்பிடித்தான் சொல்றாங்க. பின்னேரம் காத்து எழும்பினா, 'சபுறு வந்திட்டா, வலையத் தூக்கு' எண்டுதான் கத்துறது."

"தம்பி! நீயுமா?" என்றாள் ஸப்ரியா.

நடுவிலிருந்து நுஸ்கி எழும்பினான். "மெடம், போன மாசம் நிலாவெளியில கரைவலை இழுக்கிற ஆக்களிட்டயும் நான் கேட்டனான். அவங்க சவுறு எண்டு சொல்றாங்க. நான் அது வேற காத்து எண்டு நினைச்சன்."

கமலேஸ்வரி கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். "சவுறுவா? பகரம் போய் வகரம் வந்திட்டுதா? அதுக்குள்ளயா?" அவருடைய குரலில் ஒரு வித்தியாசம் இருந்தது. சந்தையில் நல்ல மீனைக் கண்டவரின் குரல். "வெள்ளிக்கிழமை?"

"வெள்ளிக்கிழம நாங்க கடலுக்குப் போறல்ல மெடம்," என்றார் முஹம்மது தம்பி. "அண்டைக்கு அந்தப் பேரச் சொல்ல ஆள் இல்ல."

நுஸ்கி தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஒரு கொப்பி முழுக்க வீண்.

"மேனுஜா," என்றார் கமலேஸ்வரி. "உன்ரை அரபு மூலம், கண்ணீர் வடிக்கிற பெண்கள், அந்தப் பன்னிரண்டு பக்கத்தையும் கிழிச்சுப் போடு. அது எனக்கு முந்தியே கொஞ்சம் இனிப்பாத்தான் இருந்தது. நானும் விட்டிட்டன், பிழை என்னிலயும்தான். ஆனால் யோசிச்சுப் பார். பழைய சொல் சேர்க்க ஆயிரம் பேர் இருக்கினம். ஒரு சொல் பிறந்த திகதி, பிறந்த வீடு, பெத்த ஆள், எல்லாம் உன்ரை ஒலிப்பதிவில இருக்கு. ரெண்டு வருசத்துக்குள்ள அது குடாவைத் தாண்டிப் போய், வழியில உருவமும் மாறியிருக்கு. அதை எழுது. ஆறு மாசம் கூடத் தாறன்."

வெளியே வாகை மரத்தடியில் மேனுஜா ஸாலிஹாவைப் பிடித்துக்கொண்டாள். கண்கள் சிவந்திருந்தன.

"நான் உங்களை நம்பினனான் அன்ரி."

"ஓம் புள்ள." ஸாலிஹா முந்தானையின் நுனியை முறுக்கினாள். "அண்டைக்கு உன்ட முகத்தில ஒரு வெளிச்சம் வந்திச்சு. அத அணைக்க எனக்கு மனம் வரல்ல. மறுகா சொல்ல வெக்கமாப் போச்சு. நான் செஞ்சது பிழைதான்."

"அந்தக் கண்ணீர் எல்லாம் எழுத எனக்கு மூண்டு கிழமை எடுத்தது, தெரியுமா? எழுதேக்க நானே அழுதனான்."

"அப்பிடியா? நல்லாத்தான் இருந்திச்சு. எனக்கே ஒருக்கா நம்பலாம்போல இருந்திச்சு."

மேனுஜா சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்தாள். முடியவில்லை. ஆனாலும் போகும்போது அவள் வழக்கம்போலக் கை பிடித்து விடைபெறவில்லை. அது ஸாலிஹாவுக்கு வீடு வந்து சேரும்வரை உறுத்தியது.

ஸப்ரியா பஸ்ஸில் வேறு ஆசனத்தில் இருந்தாள். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. ஸாலிஹா முதல் இரண்டு நாளும் நிம்மதியாகக் கால் நீட்டி இருந்தாள். ஐந்தாம் நாள், நாலு மணிக்கு ஆணத்தை மூடி வைத்துவிட்டு, யாரும் திறக்கவில்லை என்று தானே திறந்து பார்த்தாள். பதினோராம் நாள் ஒரு ஏனத்தில் வட்டிலப்பத்தை எடுத்துக்கொண்டு இரண்டு ஒழுங்கை நடந்தாள்.

ஸப்ரியா விறாந்தையில் இருந்தாள். எழும்பவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"கோவமாகா மச்சி?"

"காத்து எண்டு சொன்னதுக்கு எனக்குக் கோவமில்ல," என்றாள் ஸப்ரியா, நேரே பார்த்தபடி. "ஊரில எத்தின பொம்புளயிட பேரக் கடல்ல சொல்றாங்க? என்ட மருமகன் கூட மரியாதையாப் பேசுறான் இப்ப. ஆனா தலையிடி எண்டு எழுதினது ஆரு? அத எடுக்கச் சொல்லு. மூடி திறக்கிறதயும் எடுக்கணும்."

"மூடி உண்மைதானே."

"உண்மையெண்டா? நான் உப்புப் பாக்கிற. நீ ஒருநாளும் உப்புக் காணாது போடுறாய். அத எழுதினியா?"

ஸாலிஹா எழுதவில்லை என்று ஒப்புக்கொண்டாள். ஸப்ரியா வட்டிலப்பத்தைத் திறந்து பார்த்தாள். ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டு, சீனி கூட என்றாள். அதோடு அந்தச் சண்டை முடிந்தது.

மேனுஜா அடுத்த மாதம் வந்தாள். முறைப்படி, அந்தச் சொல்லுக்குரிய ஆளையும் அவள் பேட்டி காண வேண்டியிருந்தது. முதலில் ஸாலிஹாவிடம் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருந்தாள். ஸாலிஹா றொட்டியை வைத்தாள். இரண்டாவது றொட்டியில் பிள்ளை, "அன்ரி, இண்டைக்குச் சொல்லுறதில எது உண்மை, எது கறிவேப்பிலை எண்டு பக்கத்தில குறிச்சுத் தாங்கோ," என்றாள். ஸாலிஹா சம்மதித்தாள்.

பேட்டி மூன்று மணித்தியாலம் எடுத்தது. ஸப்ரியாவுக்கு இதுவரை எந்த ஆராய்ச்சியும் கிடைத்ததில்லை. ஆகவே கேட்காத கேள்விகளுக்கும் பதில் சொன்னாள். தலையிடியை எடுத்தே தீர வேண்டும் என்று நின்றாள். எடுக்க ஏலாது, லக்சனின் ஆய்விலும் அது இருக்கிறது என்றாள் மேனுஜா. கடைசியில் தலையிடி இருக்கட்டும், ஆனால் கீழே சிறிய எழுத்தில், 'இக்கூற்றைச் சொல்லுக்குரியவர் மறுக்கிறார்' என்று போடுவது என முடிவானது. லக்சன் தன்னுடைய பக்கத்திலிருந்து காற்றை நீக்கிவிட்டான். மௌனத்தை மட்டும் வைத்துக்கொண்டான். வேறு பல தலையிடிகளுக்கும் அது வேலை செய்கிறதாம்.

"இன்னொரு விசயம்," என்றாள் ஸப்ரியா எழும்பும்போது. "படம் போட மாட்டீங்களா?"

மேனுஜா தன் போனில் எடுத்தாள். பின்வேலிக் கடவையில் நிற்கவைத்து எடுக்கலாம் என்று ஸாலிஹா சொன்னதை ஸப்ரியா காதில் வாங்கவில்லை. முன்கேற்றில், பச்சைப் பெயின்ற் தெரிய, கையை இடுப்பில் வைத்து நின்றாள்.

ஆய்வு தேறியது. தூரத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பரீட்சகர் காற்றைப் பற்றி மட்டும் ஒன்றரை மணித்தியாலம் கேட்டாராம். ஒரு பிரதியை மேனுஜாவே கொண்டுவந்து கொடுத்தாள். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஸப்ரியா இருக்கிறாள். கறுப்பு வெள்ளையில் அச்சடித்து, தன் புது முக்காட்டின் ஊதா நிறத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்பதுதான் அவளுடைய ஒரே குறை. அதைப் பற்றிப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதித் தரும்படி, போன கிழமை முழுக்க ஸாலிஹாவைப் போட்டு அரித்துக்கொண்டிருந்தாள்.